ஆட்டத்தில் மாண்டவர்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஒருவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், ஒரே ஆளாக இருந்து ஆடுகிறார். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தீராத கடனும் விட்டுவந்த தங்கையும் உண்டு. இருட்டைக் கண்டால் பயம், நண்பனிடம் சொல்லாமல் மறைத்த ஒரு பொய், வயதான பின் போய்ச் சேர நினைத்திருக்கும் ஒரு வீடு என்று ஆடுபவரின் மனத்தில் அந்த ஆள் நாளுக்கு நாள் வளர்கிறார். ஒரு சாயங்காலம் பகடை குறைவாக விழுகிறது. அந்த ஆள் செத்துப்போகிறார். மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது, சிலர் அழுகிறார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. பிறக்காத ஒருவருக்கு என்ன துக்கம் என்று கேட்கிறார்கள். அந்தத் துக்கம் மெய்யானது. அதைப் பற்றித் தமிழில் யோசிக்கப் புகுந்தால் தேனி மாவட்டத்துக்கு, கூடலூருக்கு மேலே நிற்கும் மலைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கதையில் வந்த ஒருத்தியை இழந்ததை ஊரார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கும் இடம் அது.

முதலில் விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் முதலில் அச்சேறியது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மலை, குகை, சத்திரக்காரன், பகைவன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வார்கள்; நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்க்கும். பாத்திரத்தின் பலம், பலவீனம், கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தத் தாள் அழித்து அழித்துத் தேய்ந்து போகும்.

இதற்கு முன்னோடி போர் விளையாட்டுகள். அவற்றில் ஒரு பொம்மை ஒரு படைப்பிரிவைக் குறிக்கும். பொம்மை விழுந்தால் எடுத்து ஓரமாக வைப்பார்கள்; யாருக்கும் மனம் கலங்காது. ஒரு ஆட்டக்காரர், ஒரு ஆள் என்று ஆனபோதுதான் நிலைமை மாறியது. ஆர்னெசன் நடத்திய ஆட்டங்களில் பாத்திரம் ஒரே வீச்சில் சாவதை ஆடுபவர்களால் தாங்க முடியவில்லை. ஆகவே கப்பற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து ஒரு கணக்கை அவர் எடுத்துவந்தார்: கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, இத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு. அதுதான் உயிர்ப்புள்ளி. இன்று கைப்பேசியில் சிறுவர் ஆடும் சண்டை விளையாட்டுகளில் தலைக்கு மேல் குறைந்துகொண்டே வரும் சிவப்புக் கோடு இதன் வழியில் வந்ததே. உருவாக்கிய ஆளை இழக்க மனமில்லாதவர்களின் ஆசைதான் உலகெங்கும் பரவிய ஒரு விதியைப் பெற்றெடுத்தது. இந்த விளையாட்டின் வரலாற்றில் இதைவிட மனத்தைத் தொடும் செய்தி இல்லை.

தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஆடிய ஆட்டங்கள் வேறு மாதிரி. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் வெளியே போகும். மறுபடி தாயம் விழுந்தால் உள்ளே வரும். வெட்டு வாங்கினவர் முகம் வாடும். பிறகு அவரும் வெட்டுவார். ஒரு வெட்டாவது வெட்டியிருந்தால்தான் காயை உள்கட்டத்துக்கு ஏற்றலாம் என்று பல ஊர்களில் விதி உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. வெட்டுப்பட்ட ஆடு திரும்பி வருவதில்லை. ஆனால் அந்த ஆட்டுக்குப் பெயர் கிடையாது. போனது எந்த ஆடு என்று யாரும் கேட்பதில்லை. தாயத்தில் காய் மீளும், ஆடுபுலியில் மீளாது. இரண்டிலும் துக்கம் இல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: காய்க்குக் கதை இல்லை.

மேசை ஆட்டத்தில் சாவு எப்படி வருகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உயிர்ப்புள்ளி சுழியைத் தொட்டதும் பாத்திரம் நினைவிழந்து விழும். அதன் பிறகு தன் முறை வரும்போதெல்லாம் ஆடுபவர் இருபது முகப் பகடையை ஒருமுறை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி சேர்ந்தால் போய்விடும். ஒன்று விழுந்தால் அது இரண்டு தோல்விக்குச் சமம். இருபது விழுந்தால் பாத்திரம் கண் விழிக்கும். இந்த இடைவெளியில் ஆடுபவர் செய்ய வேறெதுவும் இல்லை. பேச முடியாது, வாளைத் தூக்க முடியாது. சுற்றியிருப்பவர்கள் அவரைக் காப்பாற்ற ஓடிவர வழி தேடுவார்கள். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை வரும் அந்தச் சில நிமிடங்களில் மேசையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு அந்த நிலை தெரியும்.

இந்தச் சாவை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதுதான் இதில் கடுமையானது. நாவலில் ஒரு பாத்திரம் இறந்தால் ஆசிரியரைக் கோபித்துக்கொள்ளலாம். சினிமாவில் இறந்தால் இயக்குநரைத் திட்டலாம். இங்கே பாத்திரத்தை உண்டாக்கியவரும் ஆடுபவரே, அதற்குள் இருந்து பேசியவரும் அவரே, பகடையை உருட்டிய கையும் அவருடையதே. ஆனாலும் முடிவு அவர் வசம் இல்லை. தான் படைத்ததைத் தன் கையாலேயே இழக்கும் இந்த நிலை வேறு கலைகளில் எளிதில் வாய்ப்பதில்லை.

தமிழில் இதற்குக் கிட்ட வருவது ஸ்பெஷல் நாடகம். மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் இசை நாடகம் அது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து வருபவர்கள் ஒத்திகை இல்லாமல் அன்று இரவு மேடையில் சந்திக்கிறார்கள். கதையும் பாட்டும் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தந்தவை. இடையில் நடக்கும் தர்க்கம் அந்தந்த நேரத்தில் பிறப்பது. எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாமலே வள்ளி வேடமிட்டவர் பதில் சொல்கிறார். சூசன் சைசர் 2005-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். மேசை ஆட்டக்காரர்கள் பார்த்தால் தங்கள் இனத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் போகும் வழிதான் அந்த நேரத்துக்கு உரியது. போய்ச் சேரும் இடம் எல்லாருக்கும் தெரியும். அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனைப் பாம்பு தீண்டும். சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வருவாள். வெட்டியானாக நிற்கும் கணவன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்பான். பார்ப்பவர்கள் நடுச்சாமத்துக்குப் பின்னும் தூங்காமல் காத்திருப்பது இந்தக் காட்சிக்காகத்தான். பிள்ளை கடைசியில் எழுந்துவிடுவான் என்று தெரிந்தும் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். தெரிந்த முடிவு துக்கத்தைக் குறைப்பதில்லை. துக்கத்துக்கு நேரமும் இடமும் ஒதுக்கித் தருகிறது. அந்த இரவு முழுவதும் ஊரே சேர்ந்து அழலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஒப்பாரி வைப்பதும் இந்த வகையே. மேசை ஆட்டக்காரருக்கு இப்படி ஒரு துணை கிடைப்பதில்லை. அவர் பாத்திரத்தை அறிந்தவர்கள் நான்கு பேர்தான். அந்த நால்வரும் வீட்டுக்குப் போன பிறகு, மறுநாள் அலுவலகத்தில் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

கூடலூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இந்த விஷயத்தில் ஏன் முக்கியம் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைத் திறக்க வேண்டும். கணவன் கோவலனோடு மதுரைக்குள் கிழக்கு வாயிலால் நுழைந்த கண்ணகி, அவன் கொலையுண்டதும் ஊரை எரித்தபின் கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துவிட்டு மேற்கு வாயிலால் தனியாக வெளியேறுகிறாள். வையை ஆற்றின் கரையோரமாகவே நடந்து மலையேறுகிறாள். ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் கோவலன் வானவரோடு வந்து அவளை அழைத்துப் போகிறான். வையையின் போக்கை எதிர்த்து நடந்தால் ஆண்டிபட்டி, தேனிப் பக்கம்தான் வந்து சேர வேண்டும். ஆறு வருசநாட்டு மலையில் பிறக்கிறது. சுருளியும் முல்லையாறும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து அதில் சேர்கின்றன. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அந்தக் குன்றைத் திருச்செங்கோடு என்றார். கரந்தையைச் சேர்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைத் தேடிக் காலால் நடந்து, கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இடிந்து கிடந்த மங்கலதேவி கோயிலே அந்த இடம் என்று 1963-ல் அறிவித்தார். ஒரு காப்பியப் பாத்திரம் கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அறிஞர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைந்தது வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் மட்டும் நடக்கக்கூடியதல்ல.

கோயில் ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில், தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு என்பதால் ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும். சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் வருபவர்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான காட்டுப் பாதையில் நடந்து ஏறுபவர்கள் உண்டு. பளியங்குடி பளியர் வாழும் சிற்றூர். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசை நடக்கிறது. பொங்கல் வைக்கிறார்கள். பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் கொடுக்கிறார்கள். காப்பியத்தில் மதுரை விட்டு வெளியேறும்போது அவள் உடைத்துப்போட்ட வளையல். மலையில் அவள் பெயரால் மற்றப் பெண்களின் கைக்கு வருவதும் வளையல். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அன்பு தானாகவே கண்டுபிடித்த பரிகாரம். சாயங்காலத்துக்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்பது வனத்துறை விதி.

சிலப்பதிகாரத்தில் இந்த மலைக் குறவர்கள் வரும் இடம் கவனிக்கத்தக்கது. அவர்களுக்குப் புகாரும் தெரியாது, மாதவியும் தெரியாது, சிலம்பும் தெரியாது. ஒரு முலை இழந்த பெண் வேங்கை நிழலில் நின்றதையும் கணவனோடு வானேறியதையும் மட்டும் கண்டார்கள். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர்கள் என்று சொல்லலாம். அவர்கள்தான் முதலில் குரவை ஆடி அவளைத் தெய்வமாக்கினார்கள். பிறகுதான் செய்தி செங்குட்டுவனிடம் போனது, இமயத்திலிருந்து கல் வந்தது, வழிபாட்டில் இலங்கைக் கயவாகு வேந்தனும் கலந்துகொண்டான் என்று காப்பியம் சொல்கிறது. முழுக் கதையும் அறிந்தவர்களுக்குத்தான் துக்கப்பட உரிமை என்பதைக் காப்பியம் பாடிய இளங்கோ ஏற்கவில்லை.

கண்ணகியின் முடிவைக் காட்டிலும் கோவலன் சாவுதான் மக்களை அதிகம் தொந்தரவு செய்திருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு வழி கண்டன. இளங்கோவின் வழி மிகவும் அடக்கமானது: வெட்டுண்டு கிடந்த கோவலன் கண்ணகி தழுவியதும் எழுகிறான், முகம் வாடியதே என்கிறான், கையால் அவள் கண்ணீரைத் துடைக்கிறான், இங்கே இரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘கோவலன் கதை’யில் கண்ணகி உடலைத் தைத்து எழுப்புகிறாள், எழுந்தவன் வாயில் முதலில் வருவது மாதவியின் பெயர். இலங்கையில் சிங்கள மக்களின் பத்தினி வழிபாட்டில் பத்தினி கணவனை உயிர்ப்பிப்பதைச் சடங்கு நாடகமாகவே நடிப்பார்கள். கணநாத் ஒபேசேகர 1984-ல் வெளியிட்ட பெருநூலில் அதை விவரித்திருக்கிறார். திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலில் பொங்காலைத் திருவிழா நாட்களில் கண்ணகி கதை தோற்றம்பாட்டாகப் பாடப்படுகிறது. கோவலன் கொலையுண்ட பகுதி பாடி முடிந்த பின், ஏழாம் நாள் நடையை வழக்கமான நேரத்துக்குத் திறக்காமல் தாமதமாகத் திறக்கிறார்கள். துக்க வீட்டில் வாசல் தெளிக்க நேரமாகும் அல்லவா, அதுபோல.

மட்டக்களப்பில் இது நேராக விளையாட்டாகவே ஆகிவிட்டது. கொம்புமுறி என்று பெயர். ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இருபுறமும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. தோற்றவர்களைக் கேலி செய்து பாடும் பாட்டுகள் தனியே உண்டு. குடும்பம் குடும்பமாகப் பரம்பரையாக ஒரே சேரியில் நின்று ஆடுவார்கள். பாத்திரமேற்று ஆடுவதும், இழப்பதும், இழந்த பின் மறுபடி சேர்ந்து நிற்பதும் ஓர் ஊருக்குப் பழக்கமான காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மேசை விளையாட்டிலும் இறந்தவரை எழுப்பும் விதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் இறந்து பத்து நாளுக்குள் என்றால் ஐந்நூறு பொன் பெறும் வைரம் செலவழித்து மந்திரக்காரர் எழுப்பலாம். அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: போன உயிர் திரும்பிவர விரும்ப வேண்டும். சாதாரண விதிப்புத்தகம் ஒன்றில் இப்படி ஒரு வாசகத்தைச் சேர்த்தவர் இழப்பைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார். கோவலன் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனதற்கு விளக்கம் இந்த நிபந்தனையில் இருக்கிறது. நாட்டார் கதையில் எழுப்பப்பட்ட கோவலன் மாதவி பெயரைச் சொல்வதும் இதே அறிவின் இன்னொரு முகம்: வலிந்து எழுப்பினால் வருபவர் நாம் அழுத அதே ஆளாக இருக்க வேண்டியதில்லை. வைரம் கையில் இருக்கும்போதெல்லாம் எழுப்பிவிடும் மேசைகளில் சாவுக்கு அர்த்தம் இருப்பதில்லை; மெல்ல மெல்ல உயிருக்கும் இல்லாமல் போகிறது. இறந்தவர் இறந்தவராக இருப்பதே அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் மரியாதை. அதற்கு ஈடாக விடைபெறும் நேரத்தை மேசை கொடுத்தாக வேண்டும்.

விளையாட்டை அமைப்பவர்கள் இதை இரு முனைகளிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கைகாக்ஸ் 1975-ல் ஒரு மாநாட்டுப் போட்டிக்காக அமைத்த ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் கல்லறையில் ஒரு பொறியைத் தவறித் தொட்டால் போதும், பாத்திரம் காலி. அங்கே சாவு ஒரு புதிருக்குத் தவறான விடை, அவ்வளவே. 2015-ல் ஸ்டீபன் டியூயி அமைத்த ‘டென் கேண்டில்ஸ்’ இதற்கு நேர்மாறு. பத்து மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து ஆடுவார்கள். ஒவ்வொன்றாக அணையும், கடைசியில் எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிடும் என்பது தொடக்கத்திலேயே அனைவருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பாத்திரமும் தன் கடைசிச் செய்தியைப் பேசிப் பதிவு செய்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பின் அதைப் போட்டுக் கேட்பார்கள். அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்துக்கு விழித்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

பெரும்பாலான மேசைகள் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கே செய்யக்கூடியவை சில. முதல் நாளே, இந்த ஆட்டத்தில் சாவு உண்டா, எவ்வளவு எளிதாக வரும் என்று எல்லாரும் பேசி ஒத்துக்கொள்வது நல்லது. அனுபவமுள்ளவர்கள் அதற்கென்றே ஒரு கூட்டம் வைக்கிறார்கள். பாத்திரம் விழுந்த அன்று கதையை அவசரமாக நகர்த்தக் கூடாது. ஆட்டத்துக்குள்ளேயே இறுதிச் சடங்கு நடத்தி, மற்றப் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுப்பது பல மேசைகளில் வழக்கமாகிவிட்டது. உடைமைகளை யார் எடுப்பது என்பதை அன்றே பேசாமல் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கிறார்கள். வாளுக்காகச் சண்டை போட்டால் துக்கம் கெட்டுவிடும். தாளை ஆடியவரே வைத்துக்கொள்கிறார். கிழித்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. அது தேவையற்ற கடுமை.

பிறகு புதுப் பாத்திரம் வர வேண்டும். இறந்தவரின் தம்பியாக, அதே குணத்தோடு, அதே ஆயுதத்தோடு கொண்டுவரத் தோன்றும். அந்தத் தம்பி பெரும்பாலும் நிலைப்பதில்லை. அண்ணனின் சாயலாகவே நின்று, ஆடுபவருக்கே அலுத்துப்போகிறான். முற்றிலும் வேறு ஊர், வேறு தொழில், இறந்தவரைக் கேள்விப்பட்டிராத ஒரு ஆள் என்றால் பொருந்துகிறது. மலைக் குறவர்கள் கண்ணகியைப் பற்றி அறிந்ததுபோல, அந்தப் புது ஆள் மற்றவர்கள் வாயிலாகவே பழையவரைப் பற்றித் தெரிந்துகொள்வார். யார் அவர், எப்படிப் போனார் என்று புதியவர் கேட்க, கூட இருந்தவர்கள் சொல்ல வேண்டியிருக்கும். ஆடுபவர் தான் இழந்தவரைப் பற்றிப் பிறர் சொல்வதை அறியாதவர்போல உட்கார்ந்து கேட்பார். நடத்துபவர் இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த பகடையைக் கேட்க வேண்டும்.